சாலையில் நிறுத்தினால் என்ன கேட்பது?
(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெட்டுக்காட்டுக்கு நாம் விடியுமுன்னே கிளம்புகிறவர்கள். இருட்டில் ஒரு காவலர் கைவிளக்கை ஆட்டி மோட்டார் சைக்கிளை நிறுத்தினால், நம்மில் பலருக்கு வாயடைத்துப் போகிறது. இந்தப் பயம் நேற்று வந்ததன்று. 1948-இல் அவசரகாலம் பிறந்தபோது அடையாளக் கார்டும் கூடவே பிறந்தது. லயங்களைச் சுற்றி முள்வேலி, வாசலில் சோதனை. காட்டிலிருப்பவர்களுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று, பால்மரம் வெட்டப் போகிறவன் மதியச் சோறு கட்டிக்கொண்டு போவதற்கும் பல இடங்களில் தடை! 1960-இல் அவசரகாலம் முடிந்தது. கைகட்டி நிற்கும் பழக்கம் மட்டும் பேரப்பிள்ளைகள் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

நிறுத்தும் அதிகாரம் காவலருக்கு உண்டு. அதை மறுக்க நாம் வரவில்லை. 1967-ஆம் ஆண்டுக் காவல் சட்டப்படி சாலைத் தடுப்பு வைக்கலாம். வண்டி குற்றத்துக்குப் பயன்படுகிறதென்று சந்தேகிக்க நியாயமான காரணமிருந்தால் சோதிக்கலாம். அடையாளக் கார்டையும் லைசென்ஸையும் கேட்டால் காட்டத்தான் வேண்டும். தடுப்பைக் கண்டதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு பறக்கிற இளவட்டங்களே, அது வீரமன்று. இல்லாத வழக்கை விலை கொடுத்து வாங்குவதாகும்.

சீருடையில்லாதவர் நிறுத்தினால் அவருடைய அதிகாரக் கார்டைக் கேளுங்கள். கார்டு சிவப்பு நிறமென்றால் அவர் பணியிடை நீக்கத்தில் இருப்பவர். உங்களை நிறுத்த அவருக்கு அதிகாரமில்லை.

சோதிக்கிறபோது பையிலும் சட்டையிலும் இருப்பதை நீங்களே ஒவ்வொன்றாக எடுத்து, பெயரைச் சொல்லி வையுங்கள்: பணப்பை, சாவி, கார்டு. பிறகு பையைக் கவிழ்த்துக் காட்டுங்கள். வழக்கறிஞர் மன்றத்தார் சொல்லிக்கொடுக்கும் முறை இது. நம்முடையதல்லாத பொருள் நம் பையில் முளைக்காமலிருக்க இதைவிட நல்ல வழி இல்லை.

பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும், மானத்துக்குப் பங்கமில்லாமல். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது பழைய விதி. ஆயினும் 2005-இல், காவலில் இருந்த ஒரு பெண்ணை ஆடையின்றித் தோப்புக்கரணம் போடவைத்த காட்சி வெளிவந்து நாடே கொதித்தது. அதன் பிறகுதான், 2007 முதல், சோதனைக்கு விரிவான விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஆடை களையச் சொல்வது சாலையோரத்தில் நடக்கும் காரியமன்று.

இனி, வீட்டில் பிள்ளைகளுக்கும் சொல்லித்தர வேண்டிய கேள்வி ஒன்று. மலாயில் மூன்றே சொல்: "அடாகா சாயா டிதாங்காப்?" நான் கைது செய்யப்பட்டேனா? பணிவாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள். "இல்லை" என்றால், சோதனை முடிந்ததும் நீங்கள் போகலாம். "சும்மா ஸ்டேஷன் வரை வந்துவிட்டுப் போ" என்ற வாய்ச்சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. சாட்சியாக அழைப்பதற்குக்கூட எழுத்தில் உத்தரவு வேண்டும். "ஆம்" என்றால், ஏன் என்று கேளுங்கள். காரணத்தைச் சொல்வது அரசியலமைப்பின் 5-ஆம் விதி அவருக்கு இட்ட கடமை. விசாரணை தொடங்குமுன் உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் செய்தி சொல்ல 28ஏ பிரிவு இடந்தருகிறது. கூட்டாளி தப்பிவிடுவான் என்பது போன்ற காரணங்களுக்காக மட்டும் அதிகாரி இதை மறுக்கலாம். 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். விசாரணையில் பெயரையும் முகவரியையும் சொல்லுங்கள். உங்களையே குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்று தவிக்க வேண்டாம். கைதான குடிமக்களுக்கென்று தேசிய சட்ட உதவி அறநிறுவனம் இருக்கிறது.

சம்மன் என்பது கைதன்று. சீட்டை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகலாம், பிறகு கட்டலாம், தவறென்றால் கோர்ட்டில் வாதாடலாம். பத்து வெள்ளிக் கோப்பிக் காசு சுலபமாகத் தோன்றும். 2009-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தில் கொடுத்தவருக்கும் சிறை உண்டு. வாங்கியவர் உங்களைக் காப்பாற்ற வரமாட்டார்.

முறைகேடு நடந்தால் அங்கே நின்று சண்டை பிடிக்காதீர்கள். காவலரின் பெயர், எண், ரோந்து வண்டி எண், இடம், நேரம் எல்லாவற்றையும் அன்றே எழுதிக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். புகார் கொடுக்க நாங்கள் உடன் வருகிறோம்.