அடங்கலில் பெயர் இல்லாத உழவர்



'சிறு விவசாயி லாபம் பெறுவது எப்படி' என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. பயிற்சி முகாம்களில் இதற்கு ஓர் ஆயத்த விடை வைத்திருப்பார்கள். வரவு செலவு எழுதுங்கள், இடைத்தரகரைத் தவிருங்கள், குழுவாகச் சேருங்கள், இரண்டு கறவை மாடு வளருங்கள். இதில் எதுவும் தவறில்லை. ஆனால் இந்த விடை ஒரு விவசாயியைக் கற்பனை செய்துகொள்கிறது. அவருக்குப் பட்டா உண்டு, நெல் காயவைக்கக் களம் உண்டு, சாதி மட்டும் கிடையாது.

1918-ல் அம்பேத்கர் இந்தியாவின் சிறு நிலவுடைமைகள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒரு பண்ணை சிறியதா பெரியதா என்பதை ஏக்கரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, அதில் போடுவதற்கு முதலும் கருவிகளும் எவ்வளவு இருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும் என்றார். நூறாண்டு கழித்தும் நம் திட்டங்கள் ஏக்கரைத்தான் எண்ணுகின்றன, அதுவும் காகிதத்தில் இருக்கிற ஏக்கரை.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் மொத்தச் சாகுபடிப் பரப்பில் பட்டியல் சாதியினர் கையில் இருப்பது 9 விழுக்காட்டுக்கும் குறைவு. மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? கூலிக்குப் போகிறார்கள், அல்லது வாய்வார்த்தையாகக் குத்தகைக்கு எடுத்து உழுகிறார்கள். அரசுக் கொள்முதல் நிலையத்தில் நெல் போட சிட்டா, அடங்கல் வேண்டும். குத்தகையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் வந்துவிட்டது. பதிவு செய்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று நிலத்துக்காரர் சம்மதிப்பதில்லை. மீறிக் கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடையாது. ஆகவே நெல் நிலத்துக்காரர் பெயரில் போகும், பணம் அவர் வங்கிக் கணக்கில் விழும். இல்லையென்றால் வியாபாரி களத்துக்கே வந்து சொன்ன விலைக்கு அள்ளிக்கொண்டு போவார். உரத்துக்கு முன்பணம் கொடுத்தவரும் பல இடங்களில் அவர்தான். அவரைத் 'தவிர்த்துவிடு' என்று எப்படிச் சொல்வது? பிஎம் கிசான் தரும் 6,000 ரூபாயும் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான்.

ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் நெல்லை எடுக்கத் தயங்குவார்கள். களம் ஊர்ப்பக்கம் இருந்தால் சேரி நெல் தார்ச்சாலையில் காய்கிறது. இதை எந்தப் பண்ணை மேலாண்மைப் பாடத்திலும் நான் படித்ததில்லை.

மாட்டுக்கு வருவோம். கன்ஷியாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுக்தேவ் தோரட் உள்ளிட்டோர் 11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆய்வு செய்து 2006-ல் வெளியிட்ட நூல் இருக்கிறது. பால் கூட்டுறவுச் சங்கம் இருந்த கிராமங்களில் ஏறத்தாழ பாதியில் தலித்துகள் அங்கே பால் ஊற்ற முடியவில்லை. பாலின் தரம் அங்கே பிரச்சினையே இல்லை. கறந்த கைதான் பிரச்சினை.

அப்படியானால் படித்த நாம் செய்யக்கூடியது என்ன? முதலில், கணக்கு. குத்தகையையும் குடும்பத்தின் உழைப்பையும் செலவில் சேர்த்து ஒரு போகத்துக்காவது எழுதிக் கொடுங்கள். குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு எடுக்கும் செலவு எல்லோருக்குமான சராசரி. சொந்த நிலக்காரர் கொடுக்காத வாடகையை நம் ஆள் கையிலிருந்து கொடுக்கிறார். அந்தக் கணக்கு கையில் இருந்தால் அடுத்த ஆண்டு குத்தகை பேசும்போது உதவும்.

இரண்டாவது, உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள். 2020-ல் ஒன்றிய அரசு 10,000 நிறுவனங்கள் தொடங்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. சமவெளியில் குறைந்தது 300 உறுப்பினர் வேண்டும் என்பதால் சேரிக்கும் வந்து பங்குத்தொகை வாங்குவார்கள். இயக்குநர் குழுவில் 5 முதல் 15 பேர் வரை இருக்கலாம். அதில் நம்மவர் எத்தனை பேர், கிடங்குச் சாவி யாரிடம், கடன் யாருக்குப் போனது என்று ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேளுங்கள். பங்கு வைத்திருக்கும் உறுப்பினருக்கு ஓட்டு உண்டு. உங்கள் அப்பாவோ சித்தியோ உறுப்பினராக இருந்தால் இந்த ஆண்டு அவர்களோடு கூட்டத்துக்குப் போய் வாருங்கள், ஆண்டறிக்கையையும் வாங்கிக்கொண்டு வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்து படிக்கலாம்.