முதல் விடையே அடுத்த கேள்வி

(பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்காக நம் சங்க அரங்கில் ஞாயிறு மாலை நடந்த கணித வகுப்பில் பேசியது)



நம் லிஃப்ட் கிளம்பும்போதும் நிற்கும்போதும் வயிற்றில் ஒரு மாதிரி இருக்கும். நடுவில் ஒரே வேகத்தில் போகும்போது ஒன்றும் தெரியாது. லிஃப்டின் உயரம் ஒரு சார்பு. உயரம் மாறும் வீதம் திசைவேகம். அது முதல் வகைக்கெழு. திசைவேகம் மாறும் வீதம் முடுக்கம். அது இரண்டாம் வகைக்கெழு. வயிறு கண்டுபிடிப்பது இந்த இரண்டாவதைத்தான்.

முறை எளிது. ஒருமுறை வகையிடுங்கள், வந்த விடையை மறுபடி வகையிடுங்கள். பிறகு ஏன் மதிப்பெண் போகிறது?

என் பேத்தி மாதிரித் தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்விக்கு இரண்டுதான் வாங்கினாள். "தெரிஞ்ச கணக்குதான் தாத்தா, எப்படிப் போச்சுன்னே தெரியல" என்று அழுதாள். தாளை வாங்கிப் பார்த்தேன். எக்ஸ் வர்க்கத்தின் சைன். சங்கிலி விதிப்படி முதல் விடையைச் சரியாக எழுதியிருந்தாள்: 2எக்ஸ் பெருக்கல் எக்ஸ் வர்க்கத்தின் காஸ். இப்போது அது இரண்டு சார்புகளின் பெருக்கல் ஆகிவிட்டது. பெருக்கல் விதி வேண்டும். அவளோ இரண்டையும் தனித்தனியே வகையிட்டுப் பெருக்கிவிட்டாள். சரியான விடையில் இரண்டு உறுப்புகள் வரும்: 2 பெருக்கல் எக்ஸ் வர்க்கத்தின் காஸ், அதிலிருந்து 4 எக்ஸ் வர்க்கம் பெருக்கல் எக்ஸ் வர்க்கத்தின் சைனைக் கழிக்க வேண்டும்.

இன்னொரு தவறு, குறியீட்டில் இருக்கும் 2-ஐப் பார்த்து முதல் விடையை வர்க்கமாக்குவது. எக்ஸ் கியூபின் முதல் வகைக்கெழு 3 எக்ஸ் வர்க்கம். இரண்டாவது 6எக்ஸ், எக்ஸின் நான்காம் அடுக்கை ஒன்பதால் பெருக்கியது அல்ல.

மூன்றாவது, உட்படு சார்பு. எக்ஸ் வர்க்கமும் ஒய் வர்க்கமும் கூட்டினால் 25 என்ற வட்டத்தை எடுங்கள். முதல் விடை மைனஸ் எக்ஸ் பை ஒய். அடுத்த படியில் பலர் ஒய்யை மாறிலிபோல விட்டுவிட்டு மைனஸ் 1 பை ஒய் என்று முடித்துவிடுகிறார்கள். ஒய்யும் எக்ஸோடு சேர்ந்து மாறுகிறது. வகுத்தல் விதியைப் போட்டு, முதல் விடையை உள்ளே பிரதியிட்டு, மேலே வரும் வர்க்கங்களின் கூடுதலுக்கு 25 என்று எழுதுங்கள். மைனஸ் 25 பை ஒய் கியூப் கிடைக்கும்.

மூன்று தவறுக்கும் வேர் ஒன்றுதான்: முதல் விடை வந்ததும் கணக்கு முடிந்த நினைப்பு. அந்த விடையைக் கீழே புதுவரியில், இதுவரை பார்க்காத கேள்விபோல எழுதுங்கள். "இது எந்த வகைச் சார்பு? எந்த விதி?" என்று கேளுங்கள். பிறகு பேனாவை நகர்த்துங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மதிப்பெண் குறைந்தால் திட்டுவதற்கு முன் தாளை வாங்கிப் பாருங்கள். பிள்ளைக்குக் கணக்குத் தெரியாமல் இருக்காது. ஒரு வரி தவறியிருக்கும்.

அடுத்த ஞாயிறும் இங்கேதான் இருப்பேன். தவறு செய்த தாள்களோடு வாருங்கள்.