கனத்த மரங்களை அறுக்கச் சங்கிலி ரம்பம் வாங்கும்போது

(பஞ்சாயத்து உறுப்பினர்கள் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் இலட்சக்கணக்கான தென்னைகள் ஒரே இரவில் சாய்ந்தன. அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 2011 டிசம்பர் 30இல், தானே புயல் கடலூர் மாவட்டத்துப் பலாவையும் முந்திரியையும் இவ்வாறே கிடத்திவிட்டுப் போயிற்று. விழுந்த மரம் கிடந்தால் கிடக்கட்டும் என்று விவசாயி இருந்துவிட முடியாது. மட்கும் தென்னந் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். பெருகிய வண்டு, பிழைத்து நிற்கும் மரத்தின் குருத்தையும் புதிதாக வைத்த கன்றையும் குடையும். ஆகவே, மரம் விழுந்த துக்கம் ஆறுமுன்பே அதை அறுத்து அகற்றியாக வேண்டும். சாலையில் விழுந்ததாயின் ஒரு மணி நேரம்கூடப் பொறுக்க இயலாது. ஆம்புலன்ஸ் வண்டி அந்தப் பக்கம்தான் வர வேண்டியிருக்கும்.

இந்தக் காரணத்தினாலேயே பல பஞ்சாயத்துகள் “மரம் அறுக்கிற மிஷின் பெரியதாக ஒன்று வேண்டும்” என்று தீர்மானம் போட்டு நமக்கு அனுப்பியிருக்கின்றன. தீர்மானங்களில் பெரியது என்ற சொல் இருக்கிறதே தவிர, எவ்வளவு பெரியது, எந்த மரத்துக்கு, யார் கையில் என்ற விவரம் இல்லை. அந்த விவரத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

முதலில் மரத்தை அளக்க வேண்டும், பிறகுதான் யந்திரத்தை நினைக்க வேண்டும். ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு, உங்கள் ஊர்ச் சாலையோரத்தில் நிற்கும் மரங்களின் சுற்றளவை நெஞ்சு உயரத்தில் அளந்து குறியுங்கள். சுற்றளவை மூன்றால் வகுத்தால் ஏறக்குறைய குறுக்களவு கிடைக்கும். ஆறடி சுற்றுள்ள மரம் சுமார் இரண்டடி கனம். பத்தடி சுற்றுள்ள பழைய புளியமரமோ தூங்குமூஞ்சி மரமோ மூன்றடிக்கு மேல் கனம். தென்னையோ மூன்றடி சுற்று, ஓரடி கனம். அடிப்பாகம் மட்டும் சற்றுப் பருத்திருக்கும்.

சங்கிலி ஓடும் பட்டையை, கடைக்காரர் ‘பார்’ என்று சொல்லுவதை, மரத்தின் முழுக் கனத்துக்கும் வாங்க வேண்டுவதில்லை. பழகிய ஆள் இருபுறமிருந்தும் அறுத்து, பட்டையின் நீளத்தைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு கனமுள்ள மரத்தை முடித்துவிடுவார். 25 அங்குலப் பட்டை நம் ஊர்ப் புளியமரங்களில் பெரும்பாலானவற்றுக்குப் போதும். பட்டை நீண்டால் சங்கிலி நீளும். சங்கிலி நீண்டால் அதை இழுக்க அதிக விசை வேண்டும். கூர் தீட்ட வேண்டிய பற்களும் அதிகமாகும். சிறிய எஞ்சினில் நீளப் பட்டையை மாட்டுவது, கன்றுக்குட்டியை ஏரில் பூட்டுவது போன்றது.

கனமான வேலைக்குரிய யந்திரங்களை மூன்று வகுப்பாகக் கொள்ளலாம். 70 சி.சி. அளவுள்ளவை சுமார் 3.5 முதல் 4 கிலோவாட் விசை தரும். பட்டையும் சங்கிலியும் நீங்கலாக ஆறு, ஆறரைக் கிலோ எடை. 90 சி.சி. அளவுள்ளவை 5 கிலோவாட் அல்லது சற்று மேல். எடை ஏழரைக் கிலோவை ஒட்டியது. அதற்கும் மேலே 120 சி.சி. யந்திரங்கள் உண்டு. ஸ்டில் கம்பெனியின் எம்.எஸ். 881, ஹஸ்க்வர்னாவின் 3120 ஆகியவை இவ்வகுப்பைச் சேர்ந்தவை. இவை ஆறு கிலோவாட்டுக்கு மேல் விசை கொடுக்கும். எடையும் பத்துக் கிலோ. பட்டை, சங்கிலி, பெட்ரோல், எண்ணெய் எல்லாம் சேர்ந்தால் மேலும் இரண்டு மூன்று கிலோ கூடும்.

நம் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லுகிறோம். 120 சி.சி. யந்திரம் பஞ்சாயத்துக்கு வேண்டாம். அது காட்டு மரங்களுக்காகவும், பெருமரங்களைக் கிடந்த இடத்திலேயே பலகையாக அறுப்பதற்காகவும் செய்யப்பட்டது. பன்னிரண்டு கிலோவைத் தூக்கிக்கொண்டு விழுந்த மரத்தின் கிளைகளுக்கு நடுவே நாள் முழுதும் நிற்கும் ஆள், பிற்பகலில் களைத்துப் போவார். களைத்த கையில்தான் விபத்து நேரும். பஞ்சாயத்து ஒன்றுக்கு 70 சி.சி. யந்திரம் ஒன்றும், நாலைந்து பஞ்சாயத்துகள் சேர்ந்து 90 சி.சி. யந்திரம் ஒன்றும் வைத்துக்கொள்வதே முறையான ஏற்பாடு என்பது நம் கருத்து. பெரிய யந்திரம் ஊருக்கொன்றாக இருந்தால், ஆண்டில் முந்நூறு நாள் அது பஞ்சாயத்து அலுவலக மூலையில்தான் இருக்கும்.

ஏரி குளங்களில் மண்டியுள்ள சீமைக் கருவேலத்துக்காகப் பெரிய யந்திரம் கேட்பவர்களும் உண்டு. கருவேலத்தை அடியோடு அறுத்தாலும் கட்டையிலிருந்து மீண்டும் தழைக்கும். அதை வேரோடு பிடுங்க வேண்டும், அது ஜே.சி.பி.யின் வேலை. பிடுங்கிய பின் துண்டு போட 50 சி.சி. ரம்பம் தாராளமாகப் போதும்.

இனிச் சங்கிலியைப் பற்றி. 1946ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்ற மரத்தொழிலாளி, ஒரு மரக்கட்டையை வண்டுப் புழு குடைவதைக் கூர்ந்து கவனித்தார். புழுவின் தாடைகள் இடமும் வலமுமாக மாறி மாறி மரத்தைச் சீவிக்கொண்டே போயின. அதைப் பார்த்து அவர் இடப்பல் ஒன்று, வலப்பல் ஒன்று என்று அமைத்த சங்கிலி 1947இல் விற்பனைக்கு வந்தது. இன்று உலகெங்கும் ஓடுவது அவ்வகைச் சங்கிலியே. நம் தென்னையைக் குடையும் வண்டினத்தின் உறவு ஒன்று நமக்குச் செய்த உபகாரம் இது எனலாம்.

அந்தப் பற்கள் கூராக இருக்கும் வரைதான் யந்திரத்துக்கு மதிப்பு. நன்றாகத் தீட்டிய சங்கிலி அறுக்கும்போது மரம் சீவலாக விழும். மழுங்கிய சங்கிலியானால் மாவாகப் பறக்கும். மாவு பறக்கக் கண்டவுடன் மிஷினுக்குப் பலம் போதவில்லை, இன்னும் பெரியது வாங்குவோம் என்று எண்ணுகிறவர்கள் ஏராளம். அவர்களுக்கு வேண்டியது புதிய யந்திரமன்று, ஓர் அரம். அதிலும் தென்னையும் பனையும் சங்கிலிக்குப் பகை. அவற்றின் வெளிப்புற வைரம் கடினமானது. நாரில் மணற்சத்து உண்டு. விழுந்து கிடந்த தண்டில் மண்ணும் ஒட்டியிருக்கும். எனவே யந்திரம் ஒன்றுக்குச் சங்கிலி நான்கேனும் வாங்குங்கள். அவற்றோடு சரியான கனமுள்ள உருண்டை அரமும், கோணம் தவறாமல் தீட்ட உதவும் பிடியும் சேரட்டும். ஊரில் பழைய வாளறுப்பு ஆசாரி ஒருவர் இருப்பாரானால் அவரை அழைத்துக் காட்டுங்கள். அரம் பிடித்த கை அரை மணி நேரத்தில் இதைக் கற்றுக்கொள்ளும்.

விலைப்புள்ளி கேட்கும்போது கவனம் வேண்டும். 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒளிவுமறைவற்ற ஒப்பந்தப்புள்ளிகள் சட்டத்தின் கீழ், நாம் கேட்ட தரத்துக்குப் பொருந்தியவற்றில் மலிவானதையே ஏற்க வேண்டும். தரத்தை நாம் எழுதாமல் விட்டால், மலிவானது மட்டுமே வந்து சேரும். “பெரிய ரம்பம் ஒன்று” என்று எழுதியவருக்கு, மேலே பெரிய எண் அச்சிட்ட சிறிய எஞ்சின் கிடைக்கலாம். ஆகையால் சி.சி.யோடு கிலோவாட்டையும் எழுதுங்கள். பட்டையின் அங்குலம், சங்கிலியின் பிட்ச், தானாகவும் கையாலும் நிற்கும் சங்கிலி பிரேக், அதிர்வு தணிக்கும் பிடி ஆகியவற்றையும் எழுதுங்கள். பெரிய எஞ்சினாதலால், கயிற்றை இழுக்கும்போது கையை உதறாதிருக்க அழுத்தம் தணிக்கும் வால்வும் இருக்க வேண்டும். இவை எல்லாவற்றிலும் முக்கியமாக, உதிரி பாகமும் பழுது பார்ப்பவரும் அருகிலுள்ள நகரத்தில் உண்டா என்று நேரில் போய்ப் பாருங்கள். கடிதத்தில் உண்டு என்பார்கள்.

தலைக்கவசம், முகவலை, காதடைப்பு, கெட்டிப் பூட்ஸ், காலுக்குரிய வெட்டுத் தடுப்புக் கால்சட்டை ஆகியவற்றை அதே விலைப்புள்ளியில் சேர்த்துவிட வேண்டும். பிறகு வாங்கலாம் என்று வைத்தால் அந்தப் பிறகு வருவதில்லை. முழு வேகத்தில் சங்கிலி விநாடிக்கு 20 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. அந்தக் கால்சட்டையின் இழைகள் சங்கிலியில் சிக்கி யந்திரத்தை நிறுத்துவதற்காகவே உள்ளே வைக்கப்பட்டவை. வேட்டியும் லுங்கியும் அணிந்து இந்த யந்திரத்தைத் தொட யாரையும் அனுமதிக்கக் கூடாது.

விழுந்த மரம் நிற்கும் மரத்தைவிட அபாயமானது என்பதையும் ஆளுக்குச் சொல்ல வேண்டும். வளைந்து அழுந்திக் கிடக்கும் கிளை, அறுத்த கணத்தில் தெறிக்கும். வேர்மண்ணோடு சாய்ந்த மரத்தின் தண்டை அறுத்தால், அடிக்கட்டை திடீரென்று நிமிர்ந்து குழிக்குள் உட்காரும். குழியில் வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள் நிற்கக் கூடாது. பட்டையின் நுனியில் மேல்பாதி மரத்தில் பட்டால் யந்திரம் ஆளின் முகத்தை நோக்கி எகிறும். மின்கம்பி மேலே கிடந்தால், மின்வாரிய ஊழியர் வந்து இணைப்பைத் துண்டித்ததாகச் சொல்லும் வரை ரம்பத்தைக் கையிலெடுக்க வேண்டாம்.

எரிபொருள் விஷயம் சிறியது, செலவு வைப்பது. பெட்ரோல் ஒரு லிட்டருக்கு டூ ஸ்ட்ரோக் எண்ணெய் 20 மில்லி என்பது இப்போதைய யந்திரங்கள் பலவற்றின் கணக்கு. கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்க. இக்காலத்துப் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் ஈரத்தை இழுக்கும். கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் தொட்டியில் விட்டுவைத்தால், புயல் வந்த அன்று யந்திரம் கிளம்பாது. வேலை முடிந்ததும் வடித்துவிடுங்கள். மழைக்காலம் தொடங்குமுன் ஒரு நாள் கிளப்பிப் பாருங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு பஞ்சாயத்தும் மூன்று விவரங்களைக் கொண்டுவரக் கேட்டுக்கொள்ளுகிறோம்: ஆறடி சுற்றுக்கு மேற்பட்ட சாலையோர மரங்களின் பட்டியல், யந்திரத்தை இயக்க முன்வரும் இரண்டு ஆட்களின் பெயர், கூட்டாக வாங்க விரும்பும் அண்டைப் பஞ்சாயத்துகளின் பெயர். விலைப்புள்ளி வாசகத்தை அன்றே உட்கார்ந்து எழுதிவிடலாம்.