கழுவிய தண்ணீர் திரும்பி வருகிறது

சிங்கப்பூரில் பெடோக் நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஒருமுறை போயிருந்தேன். கழிவுநீரைச் சுத்தம் செய்யும் இடமாயிற்றே, மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்குமோ என்று நினைத்தேன். நாற்றமே இல்லை.

அங்கே ஒரு வடிகட்டியைக் குறுக்கே வெட்டிக் காட்டினார்கள். உள்ளே சேமியா மாதிரி மெல்லிய குழாய்கள், கட்டுக் கட்டாக. ஏற்கெனவே சுத்திகரித்த கழிவுநீரில் மிச்சமிருக்கும் தூசு, கிருமிகளில் பெரும்பாலானவை அங்கேயே தங்கிவிடும். அடுத்தது பாய் சுருட்டிய மாதிரி ஒரு சவ்வு. அதற்குள் தண்ணீரை அழுத்தித் தள்ளுவார்கள். உப்புகூடப் பின்தங்கிவிடும், தண்ணீர் மட்டும் கசிந்து வரும். கடைசியில் புற ஊதாக் கதிர், எதற்கும் ஒரு காவல்.

கையில் ஒரு புட்டி கொடுத்தார்கள். அரை நிமிஷம் தயங்கினேன், குடித்தேன். வெறும் தண்ணீர், அவ்வளவுதான். ஆறும் மழையும் காலம் காலமாகச் செய்கிற வேலையைத்தான் இந்தக் குழாய்கள் சில மணி நேரத்தில் செய்கின்றன. இதில் அருவருக்க என்ன இருக்கிறது?

'நியூவாட்டர்' என்ற பெயரில் 2003இல் தொடங்கிய இந்தத் தண்ணீர் பெரும்பாலும் கணினிச் சில்லு செய்யும் ஆலைகள் போன்ற தொழிற்சாலைகளுக்குப் போகிறது. கொஞ்சம் நீர்த்தேக்கத்தில் கலந்து, மறுபடி சுத்தமாகி, வீட்டுக் குழாய்க்கும் வருகிறது.

சிங்கப்பூருக்கு அவசரமும் உண்டு. மலேசியாவின் ஜொகூரிலிருந்து தண்ணீர் எடுக்க 1962இல் போட்ட ஒப்பந்தம் 2061இல் முடிகிறது.