கொத்தனார் மகள் கேட்ட கேள்வி



"சிமெண்ட் காய்ந்துதானே இறுகுது? அப்புறம் எங்கப்பா ஏன் தினமும் தண்ணி ஊத்துறாரு, சார்?" என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். "வெயிலில் சூடாகாமல் இருக்கத்தான்" என்று சமாளித்தேன். அது தவறு. சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை. நீருடன் வினைபுரிந்தே இறுகுகிறது.

நீர் குறைவாகக் கலந்த உறுதிமிக்க கான்கிரீட்டில் அந்த வினையே நீரைத் தீர்த்துவிடும். உட்புறம் வறண்டு, சுருங்கி, விரிசல் விழும். மேலே ஊற்றும் நீரும் ஆழத்துக்கு இறங்காது. இதற்குத் தீர்வாக, டயப்பரில் உள்ளதைப் போன்ற மீயுறிஞ்சு பாலிமரைக் கலவையிலேயே சேர்க்கும் முறையை 2001இல் டென்மார்க் ஆய்வாளர்கள் ஜென்சனும் ஹான்சனும் முன்வைத்தனர். உறிஞ்சிய நீரை அது சேமித்து வைத்து, சுற்றிலும் ஈரம் குறையும்போது சிமெண்டுக்குத் திருப்பித் தருகிறது.

தூய நீரில் இப்பொடி தன் எடையைப் போல் பல நூறு மடங்கு உறிஞ்சும். அயனிகள் நிறைந்த சிமெண்ட் நீரில் மிகக் குறைவாகவே உறிஞ்சும். ஏன்? மறுவாரம் வகுப்பில் டயப்பர் பொடியை நீரில் ஊறவைத்து, உப்பைத் தூவினோம். கெட்டியான கூழ் இளகி நீர் விட்டது. அயனிகளின் வேலையைக் கண்ணால் கண்டோம்.

அன்றே என் பிழையையும் வகுப்பில் சொன்னேன். "அப்போ எங்கப்பா செய்யறது சரிதான்!" என்றாள் அவள். தவறைத் திருத்திச் சொல்வதும் பாடம்தான், நண்பர்களே.