சிறுசோறு



நெய்தல் நிலத்துக் கடற்கரை. கடலாடிய சிறுமியர் மணலிற் சிற்றில் இழைத்துச் சிறுசோறு குவித்து இளைப்பாறுகின்றனர். பொழுது சாயும் வேளையில் களைப்போடு வந்த புதியவன் ஒருவன், இலை பரப்பி இடும் விருந்தினை உண்டு அச்சிற்றூரிலேயே தங்கலாமா என வினவுகின்றான். இழிந்த மீனுணவு உமக்கு ஏலாது என்று சொல்லிவிட்டு, கொடியசையும் நாவாய்களைக் காணும் சாக்கில், இழைத்த சிற்றிலைத் தாமே காலாற் சிதைத்து அகல்கின்றனர் சிறுமியர். போந்தைப் பசலையார் பாடிய அகநானூற்று 110ஆம் பாட்டின் காட்சி இது. சிறுசோறு என்னும் சொல்லை அப்பாட்டிலேயே காணலாம்.

அத்தகைய சொல்லுடைய இனத்தின் குழந்தை இன்று எதை வைத்து ஆடுகின்றது? பெட்டியில் அடைத்து வந்த நெகிழிக் கேக்கையும் நெகிழிப் பீட்சாவையும்! அவற்றை அது அடுவதில்லை. எடுத்து வைக்கின்றது, அவ்வளவே. அம்பாசமுத்திரத்தில் மரத்திற் கடைந்த அழகிய செப்புகளை வாங்கித் தருவோரும் அவற்றைச் 'சொப்புச் சாமான்' என்கின்றனர். செப்பு என்னும் நல்ல சொல்லைச் சிதைத்ததும் போதாதென்று, பாரசீகச் சொல்லொன்றையும் அதன் வாலிற் கட்டிவிட்டோம்!

சிறுசோற்றுக்குக் காசு வேண்டா. உதிர்ந்த வேப்பம்பூ சோறாகும். செம்மண் கரைத்த நீர் குழம்பாகும். கிள்ளிய அவரைத்தழை கீரையாகும். சிரட்டையில் ஈரமணலை அழுத்திக் கவிழ்த்தால் இட்டளி. அச்சிரட்டையிலேயே மூங்கிற் குச்சியைச் செருகினால் அகப்பை. பூவரசிலைகளை ஈர்க்கினால் தைத்தால் உண்கலம்.

பண்டம் வேண்டுமாயின் களிமண் எடுங்கள். கல்லும் வேரும் நீக்கி, நுண்மணல் சிறிது கலந்து, மெழுகுபோற் பிசையுங்கள். மணல் சேராத தனிக்களிமண் உலரும்போது வெடிக்கும். திரித்துச் சுற்றினால் முறுக்கு. உருட்டிப் பிடித்தால் கொழுக்கட்டை. வெயிலில் வையாது நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்துக. செங்கற்பொடியும் மஞ்சளும் அடுப்புக்கரியும் நிறம் ஊட்டும்.

ஓர் எச்சரிக்கை. அரளி, ஊமத்தை, ஆமணக்கு விதை, குன்றிமணி ஆகியன கொடிய நஞ்சு. குன்றிமணியின் அழகிற்கு மயங்கிக் குழந்தை கையிற் கொடுத்துவிடாதீர்கள். எருக்கம்பால் கண்ணைக் கெடுக்கும். மணியும் கொட்டையும் வாய்க்குள் போகும் அகவையினரை விட்டகலாது காத்தல் வேண்டும்.

இவ்வாட்டத்தில் கைக்கு வேலை உண்டு; அவ்வேலைக்குச் சொல்லும் உண்டு. கொழித்தல் வேறு, புடைத்தல் வேறு. முறத்திற் பருமணலும் நுண்மணலும் பக்கவாட்டில் ஆட்டியசைக்கப்பட்டுப் பிரிவதைக் கண்ட பிள்ளைக்கு அகராதி எதற்கு? ஆய்தல், அரிதல், களைதல், வடித்தல், துழாவுதல் என ஒவ்வொன்றும் விரல்வழி நாவிற்கு ஏறும். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனைக் களைதல் என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள். வயலிற் களை பறிப்பதைச் சொல்வான், அரிசி களைவதை அறியான். அவன் குற்றமா அது? நாம்தாம் அடுக்களைப் பக்கமே அவனை விடவில்லையே! ஆண்பிள்ளைக்கு இது தகாது என்போரும் நம்முள் உளர். பிள்ளைத்தமிழில் அவனுக்கு வைத்தது சிற்றில் சிதைக்கும் பருவம். இனியேனும் உடன் அமர்ந்து அடட்டும்.

ஆடும்போது குறுக்கிட்டுப் பாடம் நடத்தாதீர்கள். இலையிட்டுக் குழந்தை அழைத்தால் சம்மணமிட்டு அமருங்கள். உண்பதுபோல் உண்டு, உப்புச் சற்றுக் குறைவு என்று சொல்லுங்கள். அது மீண்டும் அடுப்பண்டை ஓடும்.