நம்பிக்கை அகற்றிய தடை



1820 இல் பண்டத்தரிப்பில் வைத்தியப் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனரி டொக்டர் ஜோன் ஸ்கடரை அறிவீர்கள். அவருடைய பேத்தி ஐடா, தமிழ்நாட்டின் திண்டிவனத்தில் பெற்றோருடன் தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தனர். வைத்தியரான தந்தையை அழைத்துப் போகும்படி ஐடா சொன்னார். ஆண் வைத்தியர் பார்ப்பதை அவ்வீட்டார் ஏற்கவில்லை. மூன்று தாய்மாரும் இறந்துபோயினர்.

ஐடா அந்தக் குடும்பங்களைக் குறை சொல்லிக்கொண்டிருக்கவில்லை. அமெரிக்கா சென்று வைத்தியம் கற்றார். 1900 இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலுடன் பணியைத் தொடங்கினார். தாம் ஒருவர் போதாதென்று கண்டு, 1918 இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் திறந்தார்.

விசுவாசம் அவரை ஜெபத்தோடு நிறுத்திவிடவில்லை. நோயாளிக்கும் சிகிச்சைக்கும் நடுவே நின்ற தடையை அகற்றச் செய்தது. இன்று அந்தத் தடை பஸ் காசாக இருக்கலாம், விளங்காத மொழியாக இருக்கலாம், வெட்கமாகவும் இருக்கலாம்.

வைத்தியராக, தாதியாகப் பணிபுரியும் சகோதரிகளே, உங்களிடம் வராத பெண் யார், ஏன் வரவில்லை என்று விசாரித்துப் பாருங்கள். மற்றவர்கள் அவளுக்குத் துணையாக ஒரு நாள் கிளினிக்குக்குப் போய் வாருங்கள்.